தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு சிஎஸ்எஸ் கைநூல்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கையில் க.பொ.த. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுக்கும் பிள்ளை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்று நான்கையும் தொட்டுவிட்டுத்தான் பரீட்சை மண்டபத்துக்குள் போக வேண்டும். மன்னார்த் தீவிலும், பாலம் கடந்தால் முருங்கன், நானாட்டான், சிலாவத்துறை வரையிலும் பிள்ளைகள் இந்தப் பாடத்தைத் தமிழில் படிக்கிறார்கள். வினாத்தாள் தமிழில் வருகிறது, விடையும் தமிழில்தான். ஆனால் இணையப் பக்கத்துக்கு நிறமும் எழுத்தளவும் இடைவெளியும் கொடுக்கும் சிஎஸ்எஸ் வேலைக்கு உட்கார்ந்தால், மேசையில் விரித்து வைத்து, வேண்டிய இடத்தைப் புரட்டி, உடனே செய்து பார்க்கத்தக்க முழுமையான தமிழ்க் கைநூல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

கைவசம் இருப்பவை எவை, அவை எதுவரை உதவும், வரவேண்டிய நூல் எப்படி அமைய வேண்டும் என்பவற்றையே இங்கே பார்க்கப் போகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல ஆங்கில நூலொன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் காரியம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி முடியாது. ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வகுத்த எண்களும் பழக்கங்களும் தமிழ் எழுத்து பக்கத்தில் ஏறியதும் பிழைக்கின்றன. தமிழ் எழுத்தையே இயல்பான எழுத்தாகக் கொண்டு முதற் பக்கத்திலிருந்து தொடங்கும் நூல்தான் நமக்கு வேண்டும்.

சிஎஸ்எஸ் பிறந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நோர்வேக்காரரான ஹோக்கன் வியூம் லீ, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றியபோது, 1994 ஒக்டோபர் 10 அன்று முதல் முன்மொழிவை வெளியிட்டார். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் பொஸ் அவரோடு இணைந்தார். 1996 டிசம்பர் 17 அன்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி நிறுவனம் முதற் பதிப்பைப் பரிந்துரையாக ஏற்றது. அதற்கு முன்னர் ஒரு தலைப்பைச் சிவப்பாக்க வேண்டுமென்றால், பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு நடுவிலேயே எழுத்துருவையும் நிறத்தையும் செருக வேண்டியிருந்தது. நூறு பக்கங்களில் நூறு தலைப்புகள் இருந்தால் நூறு தடவை திருத்த வேண்டும். உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்று பிரித்தெடுத்ததுதான் சிஎஸ்எஸ் செய்த பெரிய காரியம். இரண்டாம் பதிப்பு 1998 மே மாதத்தில் வந்தது. அதைச் சீர்செய்த 2.1, பரிந்துரை நிலையை எட்ட 2011 ஜூன் ஆயிற்று. அதன் பிறகு ஒரே பதிப்பாக வெளியிடும் வழக்கமே நின்றுபோனது. நிறத்துக்கு ஒரு பிரிவு, எழுத்துருவுக்கு ஒரு பிரிவு, அமைப்புக்கு ஒரு பிரிவு என்று ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வளர்கிறது.

கைநூல்களின் ஆயுளைத் தீர்மானித்ததும் இந்த வளர்ச்சிதான். லீயும் பொஸும் சேர்ந்து 1997 இல் ஒரு நூல் எழுதினார்கள். 2000 இல் எரிக் மேயரின் விரிவான ஆதார நூல் வந்தது. அதன் ஐந்தாம் பதிப்பு, எஸ்டெல் வைலுடன் இணைந்து எழுதப்பட்டு, 2023 இல் வெளியானபோது ஆயிரம் பக்கங்களைத் தாண்டியிருந்தது. தொழிலாகச் செய்பவர்களுக்கு அது பெரும் துணை. படிக்கத் தொடங்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் பயந்துவிடும். மேயரே சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நூலொன்றும் எழுதியிருக்கிறார். பண்பின் பெயர், அது ஏற்கும் மதிப்புகள், ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான். நமக்கு வேண்டிய நூலின் அளவுக்கு இதுவே நல்ல முன்மாதிரி.

ஜொன் டக்கெட் 2011 இல் எழுதிய படநூல் இலங்கையிலும் தமிழகத்திலும் பலர் கையில் புழங்கியது. பக்கத்துக்குப் பக்கம் நிறமும் படமுமாக, ஆங்கிலம் தடுமாறுபவருக்கும் விளங்கும்படி அமைந்தது. நிறம் பற்றியும் எழுத்து பற்றியும் அது சொன்னவை இன்றும் செல்லுபடியாகும். ஆனால் பக்க அமைப்பு பற்றிய பகுதி பழசாகிவிட்டது. ஈத்தன் மார்கொட், திரையின் அகலத்துக்கேற்ப மடங்கும் வடிவமைப்பைப் பற்றித் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 2010 மே மாதத்தில். கட்டம் போட்டுப் பக்கத்தை அமைக்கும் கிரிட் முறை பெரிய உலாவிகளில் வந்து சேர்ந்தது 2017 மார்ச்சில். இந்த இரண்டாவது மாற்றத்துக்கு முந்திய எந்த நூலையும் அமைப்புப் பாடத்துக்காகப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். படிக்கத் தேவையில்லாத தந்திரங்களைப் படிப்பதிலேயே ஒரு தவணை போய்விடும்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் கணினி நூல்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சென்னையில் காம்கேர் கே. புவனேஸ்வரி போன்றோர் தொண்ணூறுகளிலிருந்து எழுதி வந்திருக்கிறார்கள். சிஎஸ்எஸ்ஸுக்கென்று தனி நூல் எழுதியவர் து. நித்யா. 2012 இல் தொடங்கிய கணியம் மின்னிதழோடு சேர்ந்து வளர்ந்த எழுத்து அவருடையது. எச்டிஎம்எல், மைஎஸ்கியூஎல், லினக்ஸ் என்று ‘எளிய தமிழில்’ என்ற தொடக்கத்தோடு வரும் அவருடைய நூல்வரிசையில் சிஎஸ்எஸ்ஸும் ஒன்று. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. இந்த வேலையின் மதிப்பை நான் மிக உயர்வாகவே வைக்கிறேன். பணம் கொடுக்காமல், அனுமதி கேட்டு எழுதாமல், தலைமன்னாரில் இருக்கும் பிள்ளை கைத்தொலைபேசியில் இறக்கிப் படிக்கக்கூடிய சிஎஸ்எஸ் பாடம் என்று ஒன்று இருப்பதற்கு இவரைப் போன்றவர்களே காரணம். ஆனால் அது அறிமுக நூல். வாசலைத் திறந்து உள்ளே கூட்டிப்போவது அதன் பணி. உள்ளே போனவர் வேலைக்கிடையில் ஓடிவந்து பார்க்கும் ஆதார நூலின் பணி வேறு.

இலங்கையில் தேசிய கல்வி நிறுவகம் தமிழிலும் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் வெளியிடுகிறது. பாணிகளை வரிக்குள்ளேயே எழுதுவது, பக்கத்தின் தலையில் எழுதுவது, தனிக் கோப்பில் வைப்பது என்ற மூன்று வழிகள், விதி எந்தப் பகுதிக்கு என்று குறிக்கும் தேர்விகள், பின்னணி, எழுத்து, பட்டியல், அட்டவணை என்று பரீட்சைக்குத் தேவையானவற்றை அவை தொடுகின்றன. பரீட்சைக்கு அது போதும். ஊரிலுள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்து கொடு என்றால் போதாது. இணையத்தில் தேடலாமே என்பார்கள். தேடலாம். 2005 இல் தொடங்கிய எம்டிஎன் ஆவணத் தளத்தைப் போல நம்பகமான ஆதாரம் வேறில்லை. அதைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். அதைவிட முக்கியமாக, அதன் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன.

எடுத்துக்காட்டு எந்த எழுத்தில் இருந்தால் என்ன, விதி ஒன்றுதானே என்று கேட்கலாம். பேசாலையில் ஒரு மீன்வாடிக்காக விலைப் பக்கம் செய்வதாக வைத்துக்கொள்வோம். தலைப்பு, ‘இன்றைய சூடை, அறக்குளா, கீரி மீன் விலை’. கணினித் திரையில் ஒரே வரியில் நிற்கும். கைத்தொலைபேசியில் ‘இன்றைய சூடை, அறக்குளா,’ என்று ஒரு வரியும் ‘கீரி மீன் விலை’ என்று மறு வரியுமாக மடியும். ஆங்கில நூல்களில் தலைப்புக்குரிய வரி உயரம், அதாவது லைன்-ஹைட், 1.1 அல்லது 1.2 என்றிருக்கும். பிள்ளை அதை அப்படியே எடுத்துப் போடும். மேல் வரியிலுள்ள சூவின் வாலும் ற வின் காலும் கீழே இறங்குகின்றன. கீழ் வரியிலுள்ள கீ, மீ இரண்டின் சுழியும் ன் மேலுள்ள புள்ளியும் மேலே ஏறுகின்றன. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும். ஒரே வரியில் நிற்கும் தலைப்பை உயரம் நிர்ணயித்த அட்டைக்குள் வைத்து, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லியிருந்தால் இன்னும் மோசம். கீ இன் சுழி அறுபடும். மீன் என்பதன் புள்ளி மறைந்து ‘மீன’ என்று நிற்கும். பிள்ளை எழுத்தில் பிழை விட்டதாக வாசிப்பவர் நினைப்பார். பிழை எழுத்தில் இல்லை, 1.1 என்ற எண்ணில் இருக்கிறது.

ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பல நடுப்பட்டைக்குள் அடங்கிவிடுவதால் மேலும் கீழும் காற்றோட்டம் தானாகக் கிடைக்கிறது. தமிழுக்கு அந்தக் காற்றோட்டத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். உடல் எழுத்துக்கு 1.6 முதல் 1.8 வரை, தலைப்புக்கு 1.35க்குக் குறையாமல் என்பது நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு. எழுத்துருவுக்கு எழுத்துரு சற்று மாறும். இந்த ஒரு எண்ணைச் சரியாகச் சொல்லாத சிஎஸ்எஸ் நூல், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும், தமிழ்ப் பக்கத்தைக் கெடுத்துவிடும்.

அகலம் அடுத்தது. ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்ற நான்கெழுத்துப் பொத்தான் தமிழில் ‘முகப்பு’ ஆகும்போது சமாளித்துவிடலாம். ‘கொன்டாக்ட்’ என்பது ‘தொடர்புகளுக்கு’ ஆகும்போது பொத்தான் வழிகிறது. மன்னார் ஊர்ப் பெயர்களையே சோதனைக்கு வைத்துப் பாருங்கள்: எருக்கலம்பிட்டி, சிலாவத்துறை, திருக்கேதீஸ்வரம். பொத்தானின் அகலத்தைப் பிக்சலில் நிர்ணயித்திருந்தால் மூன்றும் வெளியே தொங்கும். அகலத்தை விட்டுவிட்டு, உள்ளே சுற்றிவர இடைவெளி கொடுத்து, இடமில்லாதபோது அடுத்த வரிக்கு இறங்க விட்டால் எந்தப் பெயரும் அடங்கும். திருக்கேதீஸ்வரம் வேறொன்றையும் கற்றுத்தரும். நாம் எண்ணினால் அதில் ஒன்பது எழுத்துகள். கணினி எண்ணினால் பதினாறு குறியீடுகள், ஏனென்றால் யூனிகோட்டில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. படிவமொன்றில் ஊர்ப் பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து என்று வரம்பு வைத்தால் திருக்கேதீஸ்வரத்தார் தங்கள் ஊரை எழுதி முடிக்க முடியாது.

வரியின் நீளத்துக்கும் இதே கதை. ஒரு வரியில் ஏறத்தாழ 66 எழுத்துகள் இருந்தால் கண்ணுக்கு இதம் என்பது ஆங்கில அச்சுக்கலையின் வழக்கு. அதைப் பின்பற்றிப் பத்தியின் அகலத்தை ‘சிஎச்’ என்ற அலகில் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த அலகு சுழியத்தின் அகலத்தை வைத்து அளக்கப்படுவது. ண, ணை, ஞ, ஔ போன்ற நம் எழுத்துகள் சுழியத்தை விட எவ்வளவோ அகலம். அந்த எண்ணை அப்படியே போட்டால் தமிழில் வரிக்கு நான்கைந்து சொற்கள்தான் கிடைக்கும் இடங்களும் உண்டு. அதோடு இருபக்கமும் ஒழுங்காக நிற்கும்படி நிரப்பச் சொன்னால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். தமிழில் சொல் நீளம், ஒன்றோடொன்று ஒட்டி நீளும் மொழி இது. கைத்தொலைபேசித் திரையில் தமிழை இடப்பக்கம் ஒழுங்குபடுத்தி, வலப்பக்கத்தை அதன் போக்கில் விடுவதே நல்லது. நம் அச்சகங்களில் சொல்லை வரியிறுதியில் உடைத்தபோது பெரும்பாலும் சிறுகோடு போட்டதில்லை. உலாவி சொல்லை உடைக்கும் இடங்களில் அந்தக் கோட்டை நீக்கவும் சிஎஸ்எஸ்ஸில் இப்போது வழி இருக்கிறது. அதைச் சொல்லித்தரும் தமிழ் நூல் வேண்டும்.

ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் சாய்ப்பார்கள், இல்லையேல் பெரிய எழுத்தாக்குவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. டெக்ஸ்ட்-ட்ரான்ஸ்ஃபோம் என்ற பண்பு தமிழ் மீது எந்த வேலையும் செய்யாது. மெனுவைப் பெரிய எழுத்தால் வேறுபடுத்திக் காட்டிய வார்ப்புருவைத் தமிழாக்கினால் மெனுவும் பத்தியும் ஒன்றாகத் தெரியும். சாய்வுக்கு வந்தால், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவம் தனியாக வரைந்து வைக்கப்பட்டிருக்காது. உலாவி நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். ழவும் றவும் அப்படிச் சாயும்போது பார்க்கச் சகிக்காது. எழுத்துருவைத் தடிப்பாக்குவதோ நிறத்தை மாற்றுவதோ தமிழுக்குப் பொருந்தும். தடிப்பாக்கும்போதும் அந்தத் தடிப்பு எழுத்துருவில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உலாவி போலித் தடிப்பை உண்டாக்கும், சிறு அளவில் ண வின் சுழிகள் அடைபட்டுப்போகும்.

பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரத்தைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கொண்டச்சிக் குடாவைப் பற்றிய பத்தி ‘கொ’ என்று தொடங்கினால், கொம்பும் ககரமும் காலும் மூன்றும் சேர்ந்தே பெரிதாக வேண்டும். சிஎஸ்எஸ் விதிப்படி முதலெழுத்து என்பது முழு எழுத்துதான். ஆகவே முதலெழுத்துக்கான தேர்வியைப் பயன்படுத்தினால் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்றவைக்கும் அசைவு விளைவுகளை ஆங்கிலப் பாடத்திலிருந்து எடுத்துப் போடும்போது. அந்த நிரல் சொல்லைக் குறியீடு குறியீடாக வெட்டும். ககரம் தனியே நிற்கும், பின்னால் ஒரு புள்ளி வட்டத்தின் இருபுறமும் கொம்பும் காலும் தொங்கும். பேசாலை என்பதற்கும் அதே கதி. இதை ஒரு பிள்ளைக்கு முதல் தடவை காட்டும்போது, தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்ற பாடமும் சேர்ந்தே விளங்கிவிடுகிறது. டபிள்யூ3சி தமிழ்ப் பக்க அமைப்புத் தேவைகளுக்கென ஓர் ஆவணமும் வைத்திருக்கிறது. எழுத்தலகு, வரி உடைப்பு, பட்டியல் எண்கள் என்று நம் எழுத்தின் நடத்தையை உலாவி செய்பவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆவணம் அது. அதன் சாரத்தைக் கற்பவருக்கு எடுத்துச் சொல்லும் நூல்தான் இல்லை. பட்டியலுக்கு ௧, ௨, ௩ என்று தமிழ் எண் போட உலாவிக்குள்ளேயே வசதி இருப்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

எழுத்துருவுக்கு வருகிறேன். இங்கே இலங்கைக்கென்று ஒரு பழைய சுமை இருக்கிறது. அதன் பெயர் பாமினி. இந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தால் கணினிக்குள் சேர்வது ஆங்கில எழுத்துகள்தாம். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு. 1995 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய நாள் தொட்டு, 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஊடாக, யூனிகோட் பரவும் வரையில் ஒவ்வொரு தளமும் ஏதோவொரு குறியீட்டு முறையோடு போராடியது. இலங்கையில் 2008 இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தரநிலை வந்தது. ரெங்கநாதன் விசைப்பலகையும் அதற்குள் வந்தது. ஆனால் எங்கள் கொமினிகேஷன் கடைகளிலும் அச்சகங்களிலும் இன்றும் பாமினிக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. திருவிழா அறிவித்தலோ சங்கத்தின் ஆண்டறிக்கையோ அங்கிருந்துதான் பிள்ளையின் கைக்கு வருகிறது. பிள்ளை அதைப் பக்கத்தில் ஒட்டி, எழுத்துருப் பட்டியலில் பாமினி என்று எழுதிவிடுகிறது. தன் மடிக்கணினியில் அழகான தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் தமிழ் இல்லை. இந்தப் பிழையைச் சிஎஸ்எஸ்ஸால் தீர்க்க முடியாது, யூனிகோட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். கலிபோர்னியாவில் எழுதப்படும் கைநூல் இதைச் சொல்லாது. வடக்கு இலங்கையில் எழுதப்படும் கைநூல் இதைச் சொல்லாமல் எழுத்துரு அத்தியாயத்தைத் தொடங்கவே கூடாது.

யூனிகோட்டுக்கு மாறிய பின் எந்த எழுத்துருவை எடுப்பது? விண்டோஸ் 2000 தொட்டு லதா இருந்தது, பின்னர் நிர்மலா வந்தது. நிர்மலாவில் தமிழும் சிங்களமும் இரண்டும் உண்டு. ஆப்பிள் கருவிகளில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி இருக்கிறது. அன்ட்ரொயிட்டில் நோட்டோ. கூகிளின் இலவசத் தொகுப்பில் கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை என்று தெரிவுக்குக் குறைவில்லை. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடித்த கவிவாணரும் அதில் இருக்கிறது. கையெழுத்தின் சாய்வு கொண்ட எழுத்துரு, தலைப்புக்கும் அழைப்பிதழுக்கும் நன்றாயிருக்கும், நீண்ட பத்திக்கு வேண்டாம். எழுத்துருப் பட்டியலில் ஆங்கில எழுத்துருவை முதலில் வைத்தால், தமிழ்ச் சொல் ஒரு எழுத்துருவிலிருந்தும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இன்னொன்றிலிருந்தும் வரும். ‘ரூ. 1,200’ என்ற விலையில் எண் சிறுத்தும் எழுத்து பெருத்தும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இந்த வரிசைதான்.

இவற்றையெல்லாம் யார், எங்கே பார்க்கப் போகிறார்கள் என்பதும் நூலுக்குள் வர வேண்டிய விஷயம். மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை 2012 கணக்கெடுப்பில் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சிறிய மாவட்டம், பரந்த நிலம். இணையம் என்றால் இங்கே கைத்தொலைபேசி. டேட்டா என்பது அளந்து வாங்கும் பொருள். எழுத்துருவின் ஒவ்வொரு தடிப்பும் பொதுவாகத் தனிக் கோப்பாக இறங்குகிறது என்பதால் இரண்டு தடிப்பு போதும், எழுத்துரு வந்து சேரும்வரை கருவியிலுள்ள எழுத்திலேயே பத்தியைக் காட்டு என்று உலாவிக்குச் சொல், இந்த இரண்டும் அலங்கார விஷயங்கள் அல்ல. திரைக்கேற்ப அமை என்ற ஒற்றை வரியைப் பக்கத்தின் தலையில் எழுத மறந்தால், தொலைபேசி அதைச் சுமார் 980 பிக்சல் அகலமாக எண்ணிச் சுருக்கிக் காட்டும். எழுத்து கடுகளவாகும்.

வெயில் இன்னொன்று. கடற்கரையில் நண்பகலில் தொலைபேசியைப் பார்ப்பவருக்கு, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5:1 என்ற மாறுபாடு குறைந்தபட்சம் வேண்டும் என்பது அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் கணக்கு. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் மெல்லியவை, அவையே முதலில் கண்ணுக்கு மறையும். ஆகவே நான் 7:1 ஐத்தான் கேட்பேன்.

மும்மொழி மூன்றாவது. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடு மாதா தேவாலயத்துக்கு வருபவர்களில் தமிழரும் உண்டு, சிங்களவரும் உண்டு. யாத்திரிகருக்கான அறிவித்தல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். ஒரே அளவு எண்ணைக் கொடுத்தால் மூன்று எழுத்தும் மூன்று உயரத்தில் தெரியும். ஒவ்வொரு பகுதிக்கும் மொழி என்ன என்று எச்டிஎம்எல்லில் குறித்துவிட்டு, மொழிக்கேற்ப வரி உயரத்தையும் எழுத்துருவையும் தனித்தனியே அமைக்கும் தேர்வி ஒன்று சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது. பெரும்பாலான ஆங்கிலக் கைநூல்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடும். இலங்கைக் கைநூலில் அது தனி அத்தியாயம். அட்டவணையும் அப்படித்தான். 2015 மார்ச்சில் மறுபடி திறக்கப்பட்ட தலைமன்னார்ப் பாதையின் ரயில் நேரசூசியை ஒரு பிள்ளை மும்மொழியில் அமைத்துப் பார்க்கட்டும். சிறு திரையில் அட்டவணையை எப்படிப் பக்கவாட்டில் நகரவிடுவது, தலைப்பு வரிசையை எப்படி நிறுத்தி வைப்பது என்பதை அதைவிட நன்றாகக் கற்பிக்கும் பயிற்சி எனக்குத் தெரியாது.

அச்சும் மறக்கப்படும் ஒரு விஷயம். எங்கள் ஊர்களில் இணையப் பக்கம் கொமினிகேஷனில் அச்சாகி, கோயில் வாசலிலும் சங்கக் கட்டடச் சுவரிலும் ஒட்டப்படுகிறது. அச்சுக்கென்று தனிப் பாணி எழுதி, மெனுவையும் பின்னணி நிறத்தையும் நீக்கி, ஏ4 தாளில் அடங்கச் செய்வதற்குச் சில வரிகள் போதும்.

இனி நூலின் அமைப்பு. அகரவரிசைப் பண்புப் பட்டியல் பின்னிணைப்பாக இருக்கட்டும். முன்பகுதியைச் செய்யும் வேலையை வைத்துப் பிரிக்க வேண்டும்: விலைப்பட்டியல், நேரசூசி, அறிவித்தல், படத்தொகுப்பு, படிவம். ஒவ்வொன்றும் விரித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும், ஒரு பக்கம் நிரல், எதிர்ப்பக்கம் தோற்றம். கோட்பாட்டில் இரண்டை மட்டும் பொறுமையாக விளக்க வேண்டும். ஒன்று பெட்டி: உள்ளடக்கம், உள் இடைவெளி, எல்லை, வெளி இடைவெளி. மற்றது விதிகள் வழிந்திறங்கும் முறை. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்காலுக்கும் வரம்புக்கும் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த நானாட்டான் பிள்ளைக்கு இதை விளக்கப் பாடுபடத் தேவையில்லை. மேலே கொடுத்த எழுத்துரு கீழே எல்லாப் பத்திக்கும் இறங்கும், வயலுக்குப் பக்கத்திலேயே ஒருவர் மடையைத் திருப்பினால் அந்த வயலில் அவர் சொன்னதுதான் நடக்கும்.

பிழை திருத்தும் பகுதி நீளமாக இருக்கலாம். சிஎஸ்எஸ் தனக்கு விளங்காததைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும், பிழைச் செய்தி எதுவும் காட்டாது. எங்கள் பாடசாலைகளில் பிரித்தானிய ஆங்கில எழுத்துக்கூட்டு கற்பிக்கப்படுகிறது. நிறத்துக்குரிய கலர் என்ற சொல்லில் பிள்ளை பழக்கத்தில் ‘யூ’ சேர்த்து எழுதும், நடுவுக்குரிய சென்டரை ‘ஆர்ஈ’ என்று முடிக்கும். இரண்டும் வேலை செய்யாது. சாம்பல் நிறத்துக்கு மட்டும் ‘ஏ’ போட்டாலும் ‘ஈ’ போட்டாலும் ஏற்றுக்கொள்ளும், அதனால் குழப்பம் கூடும். பாதி வகுப்பு இந்த இடத்தில் தடுக்கி விழுவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அமெரிக்க நூலில் இதற்கு இடமில்லை, தமிழக நூலிலும் கண்டதில்லை.

பொருட்குறிப்பு அகராதி தமிழிலும் ஆங்கில ஒலிப்பிலும் இரண்டிலும் வேண்டும். ‘மார்ஜின்’ என்று தேடுபவரும் ‘வெளி இடைவெளி’ என்று தேடுபவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர வேண்டும்.

காகிதமா, மின்னூலா? இரண்டும் என்பேன், ஆனால் காகிதத்தை விட்டுவிடக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே மாதத்தில் மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போடப்பட்டன. ஆக, காகிதம் வேண்டும், ஆனால் மெல்லிய நூலாக வேண்டும். விரைவில் மாறும் பகுதிகளை மின்பதிப்பில் வைத்து, முப்பது ஆண்டுகளாக அடிப்படையில் மாறாமல் நிற்கும் தேர்வி, பெட்டி, வழிந்திறங்கல், எழுத்து, நிறம் ஆகியவற்றை மட்டும் அச்சில் கொடுத்தால் 120 பக்கத்துக்குள் அடக்கலாம்.

எல்லாவற்றையும் வெறும் கையில் தொடங்கவும் தேவையில்லை. நித்யாவின் நூல் திறந்த உரிமத்தில் இருக்கிறது. ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் காப்பாற்றிக்கொண்டு அதை அடித்தளமாக வைக்கலாம். அதன்மேல் வரி உயரம், எழுத்துரு வரிசை, பாமினியிலிருந்து மாறுதல், மும்மொழிப் பக்கம், அச்சுப் பாணி என்ற ஐந்து அத்தியாயங்களை இங்குள்ள ஆசிரியர்கள் எழுதிச் சேர்க்கலாம். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். நிரல்களைப் பல கருவிகளில் ஓட்டிப் பார்த்துத் திருத்தும் வேலையை அவர்கள் செய்யலாம். முடிந்த நூலை 2005 தொட்டு ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேமித்துவரும் நூலகம் மின்தளத்தில் வைத்தால், அடுத்த பதிப்பை எழுதப்போகிறவர் அதைத் தேடி அலைய வேண்டியிருக்காது. முதலில் எழுத வேண்டியது வரி உயர அத்தியாயம். அதற்கான எடுத்துக்காட்டுகளை மூன்று வகைத் தொலைபேசிகளில் படம்பிடித்து, எண்களோடு சேர்த்து, இந்தத் தவணை விடுமுறைக்குள்ளேயே முடித்துவிட முடியும்.